மரமில்லாமல் ஓடிய ரம்பம்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் கதவுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு கிடையாது.

இருந்த கதவு அடிப்பக்கம் ஊறி ஊறி, ஒரு நாள் காலையில் கீல்களை விட்டுவிட்டு என் கால் கட்டைவிரல் மேல் வந்து படுத்துக்கொண்டது. அன்றைக்கே எங்கள் கம்பெனியிலேயே புதுக் கதவுக்கு ஆர்டர் எழுதினேன். சீட்டு எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. எப்போது கிடைக்கும் என்று பார்த்தேன். அறுபது நாள். வேலை பார்க்கிற இடமாயிற்றே, கொஞ்சம் முந்தலாமே என்றால், ஆர்டர் வரிசையை யாரும் முந்தாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

என் மனைவி ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். போர்வையைத் தட்ட முடியாது. அதனால் உள்ளே இருப்பவர் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அவள் ஒரு பாட்டின் முதல் இரண்டு வரியைப் பாடுவாள். மூன்றாவது வரி அவளுக்குத் தெரியாது. நான் இருமுவேன். பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாக ஒரு பாட்டில் இருமல் மருந்து கொண்டுவந்து கொடுத்தார். என் மாமனார் கதவளவுகளைச் சொல்வார்.

"ஏழடி... மூணடி... ஒண்ணரை அங்குலம்..." என்று போர்வைக்குப் பின்னாலிருந்து வரும். அது அவருடைய தொழில் பழக்கம். மாமாதான் எங்கள் கம்பெனியில் ரம்பம். முப்பத்தொரு வருடமாக மரத்தைப் பலகையாக அறுக்கிறார். ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அறுப்பார். அத்தை போனதிலிருந்து எங்களோடு இருக்கிறார். கம்பெனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மின்னல் என்பார்கள். ஒரு நாளைக்கு எழுபது கதவுக்கான பலகையை அறுத்துத் தள்ளுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எழுபது கதவுக்கு அவர் அறுப்பார். கம்பெனியை விட்டு வெளியே போவது பதினெட்டுக் கதவு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, மூன்று நாள் வகுப்புக்குப் போகும் வரைக்கும்.

வகுப்புக்கு என்னை அனுப்பியது முதலாளி. உற்பத்தியைக் கூட்டுவது எப்படி என்று யாரோ நடத்தினார்கள். கம்பெனியில் யாருக்கு வேலை குறைவு என்று முதலாளி விசாரித்திருக்கிறார். எல்லோரும் ஒருமனதாக என்னைக் காட்டியிருக்கிறார்கள். போனேன். அங்கே சொன்னது இவ்வளவுதான்: எந்தத் தொழிலிலும் ஏதோ ஒரே ஒரு இடம்தான் மொத்த வேலையையும் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். அதுதான் முடிச்சு. முதலில் முடிச்சைக் கண்டுபிடி. அதை ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்க விடாதே. மற்ற எல்லோரும் முடிச்சின் வேகத்துக்கு நடக்கட்டும். அதற்கு மேல் வேகமாக எவன் வேலை செய்தாலும் அவன் செய்வது வேலையல்ல, குவியல். முடிச்சு அவிழ்ந்தால் வேறொரு இடத்தில் போய் விழும். அங்கே போய் மறுபடி ஆரம்பி.

இதற்கு மூன்று நாளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கடைசி நாள் எல்லோருக்கும் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுத்தார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது.

நான் திரும்பி வந்த அன்று முதலாளி மேலேயிருந்து இறங்கி வந்தார். அவர் இறங்குவது அபூர்வம். அவர் அறை ரம்பத்துக்கு நேர் மேலே, மரத் தளத்தின் மேல். அங்கே உட்கார்ந்தபடியே கம்பெனியை நடத்துவார். ரம்பச் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது. சத்தம் நின்றால் செருப்புக் காலால் தளத்தில் இரண்டு தட்டு தட்டுவார். கீழே மாமா ஓடிப் போய் அடுத்த மரத்தை ஏற்றுவார். முப்பத்தொரு வருடமாக இரண்டு பேருக்கும் நடுவே நடந்த பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி இந்த இரண்டு தட்டுதான்.

"அறுத்த பலகைய அப்படியே கொண்டு வந்து எறக்குறேன்னு ஒரு வியாபாரி சொல்றான். ரம்பமே தேவையில்லையாம்" என்றார் முதலாளி. "உங்களுக்கு ஒரு மாசம் டைம் தர்றேன். மாசக் கடைசில தெனம் முப்பது கதவு வெளிய போகணும். போகலன்னா ரம்பத்த கழட்டிடுவேன். மொதல்ல இருக்குறவன் வேகமா தள்ளுனாத்தானே கடைசில வேகமா வரும்?"

மாமா அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எழுபத்தெட்டுக் கதவுக்கு அறுத்தார்.

வீட்டில் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்தவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா வேல போச்சுன்னா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? அம்மா போன அன்னிக்கு மறுநாளே வேலைக்குப் போனவரு. ஒரு நாள் வீட்ல சும்மா உக்காந்தாருன்னா படுத்துடுவாரு. அப்புறம் எழுந்திரிக்க மாட்டாரு."

"பாக்குறேன்."

"வாட்ச்ச பாக்காதீங்க. அப்பாவ பாருங்க."

அவள் பயப்படுவது எனக்குப் புரிந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்தது வாட்ச்சைப் பார்ப்பது மட்டும்தான். ஆறு நாள் பார்த்தேன். இழைப்பவர் பக்கத்தில் நின்றேன், சட்டம் பூட்டுபவர் பக்கத்தில் நின்றேன், தேய்ப்பவர்கள் பக்கத்தில் நின்று தும்மினேன். இழைப்பில் ஐம்பது போகும். பூட்டுவதில் நாற்பத்தைந்து. பெயிண்ட் அடிப்பதில் நாற்பது. பெயிண்ட் அடித்த கதவு காய்வதற்கு ஓர் அறை இருக்கிறது, ஹீட்டர் வைத்த அறை. சூட்டறை என்போம். ஒரு தடவைக்கு ஒன்பது கதவு நிற்கும். காய ஐந்து மணி நேரம். ராத்திரி ஆளில்லாமல் ஹீட்டர் எரியக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆகப் பத்து மணி நேர வேலையில் நாளுக்கு இரண்டு தடவை. பதினெட்டு.

முடிச்சு சூட்டறை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்பது கதவுக்கு ஐந்து மணி நேரம் எதற்கு என்று புரியவில்லை. ஹீட்டர் வாங்கும்போது வந்த காகிதத்தில் மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது.

அதற்கு விடை என் வீட்டில் இருந்தது. மறுநாள் காலை என் மனைவி குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தாள்.

"கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்துறேன். ஆவி பூரா போர்வைக்கு அடியில ஹாலுக்குப் போயிடுது. உள்ள இருக்குறவளுக்குக் குளிரு, வெளிய இருக்குற சோபாவுக்கு வெந்நீர்க் குளியல்."

நான் சாப்பிடாமல் கம்பெனிக்கு ஓடினேன். சூட்டறை வாசலில் ஒரு தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாகத் தொங்குகிறது. தினம் நான் அதைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே பெயிண்டர் அக்கா கதவுகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த அறைக்குக் கதவு?"

"இருந்துச்சு தம்பி. யாரோ கஸ்டமர் அவசரம்னு வந்து நின்னாரு. அளவு சரியா இருந்துச்சு. கழட்டிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு வேற போட்டுக்கலாம்னாங்க."

"அப்புறம்?"

"நாளைக்குத்தான் போடணும்."

கதவு செய்கிற கம்பெனியின் முக்கியமான அறைக்குக் கதவில்லை. நமக்கு நாமே ஆர்டர் கொடுத்துச் சீட்டு எழுதவில்லை, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டு நிலைமை அப்படி.

இன்னொன்றும் பார்த்தேன். உள்ளே ஒரு பெரிய இரும்பு அலமாரி. அதில் முப்பத்தாறு சாப்பாட்டு டப்பாக்கள். காலையில் வந்ததும் எல்லோரும் டப்பாவைச் சூட்டறையில் வைப்பார்கள், மத்தியானம் சுடச்சுட எடுப்பார்கள். நானும்தான் வைப்பேன். வைக்க ஒரு தடவை, எடுக்க ஒரு தடவை, இடையில் சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க ஒரு தடவை, ஒவ்வொருவரும் தார்ப்பாயைத் தூக்கினோம். அந்த அலமாரி நிற்கும் இடம் சரியாக ஒரு கதவு நிற்கும் இடம்.

கதவு போட்டால் மூன்று மணி நேரம், நாளுக்கு மூன்று தடவை. அலமாரியை எடுத்தால் தடவைக்குப் பத்து. மூன்று பத்து முப்பது. எனக்கே நம்ப முடியவில்லை. மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன்.

மாமாவிடம் போனேன். "ஒம்பதடிக்கு அஞ்சடி, தடிமன் ரெண்டு அங்குலம். சூட்டறைக்கு ஒரு கதவு வேணும் மாமா."

"சீட்டு?"

"நம்ம கம்பெனிக்குத்தான் மாமா."

"சீட்டு இல்லாம மரத்த தொட மாட்டேன் மாப்ள. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். சீட்டெழுதினேன். வாடிக்கையாளர்: சூட்டறை. முகவரி: இதே இடம். தர வேண்டிய தேதி: ஆறு வருடம் முன்பு. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பதினோரு நிமிடத்தில் அறுத்துக் கொடுத்தார்.

கதவு ஏறியது. அலமாரி வெளியே போனது. சாப்பாடு ஆறிப்போனதற்கு ஒரு வாரம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்டாப்வாட்ச் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். இன்னும் மோசமான பெயருக்கு நான் தயாராக இருந்தேன்.

மிச்சம் ஒரு காரியம் இருந்தது. ரம்பம். இழைப்பிடத்துக்குப் போகும் வழியெல்லாம் அறுத்த பலகை. வெடித்ததையும் கோணியதையும் விறகுக்குத் தள்ளியது போகவே நானூறு கதவுக்கானது. அதில் பாதி, யாரும் ஆர்டரே கொடுக்காத அளவு. ஒரே அளவைத் தொடர்ந்து அறுத்தால் வேகம் வரும் என்று மாமா சேர்த்து அறுத்துவிடுவார். அதனால் இன்றைக்குத் தேவையான பலகை எப்போதும் குவியலுக்கு அடியில் கிடக்கும், அதைத் தோண்டி எடுக்க இரண்டு பேர். பெயிண்டுக்குச் சரியான கதவு நேரத்துக்கு வராது. சூட்டறை சில நாள் ஏழு கதவோடு எரியும். முடிச்சில் போன ஒரு மணி நேரம் மொத்தக் கம்பெனிக்கும் போன ஒரு மணி நேரம். மாமாவின் வேகம்தான் கம்பெனியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் வேலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் வேலையை நிறுத்த வேண்டும்.

இதை அவரிடம் எங்கே வைத்துச் சொல்வது? கம்பெனியில் சொன்னால் ரம்பத்தைப் போட்டுவிடுவார், காதில் விழாது. ஹாலில் சொன்னால் எழுந்து போய்விடுவார். அவர் எழுந்து போக முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலை போர்வைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏழடி... ரெண்டரை அடி..."

"மாமா."

"இன்னும் சோப்பே போடல மாப்ள."

"அதான் சரியான நேரம். இனிமே பெயிண்டர் அக்கா ஒரு மணி அடிப்பாங்க. சூட்டறைலேருந்து பத்து கதவு வெளிய வந்ததும் ஒரு மணி. அந்த மணி கேட்டா, அடுத்த பத்து கதவுக்கு, குவியல்ல இல்லாத அளவ மட்டும் அறுங்க. சீட்டு வரிசைப்படி. மணி கேக்கலன்னா அறுக்கக் கூடாது."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மணி கேக்கலன்னா என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

வாட்ச்சுக்காரனிடம் கேட்டால் பதில் சரியாகத்தானே வரும். "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்."

நீண்ட நேரம் சத்தமே இல்லை. எங்கள் வீட்டுச் சட்டப்படி அது தப்பு. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கையைக் காட்டினேன்.

"மேல அவரு தட்டுவாரு" என்றார் மாமா கடைசியில். "சும்மா நிக்கிறவன எதுக்கு வச்சிருக்கணும்னு கேப்பாரு. அறுத்தாலும் வேல போயிடும். அறுக்கலன்னாலும் வேல போயிடும். அப்படித்தானே?"

"முப்பது கதவு போனா அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு மாமா."

நான் சொன்னதை நானே நம்பவில்லை. அவர் ஒரு குவளை தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அளவைத் தொடர்ந்தார்.

மணி கட்டினோம். முதல் நாள் இருபத்தாறு கதவு. அடுத்த நாள் இருபத்தெட்டு. குவியல் குறைந்தது, வழி தெரிய ஆரம்பித்தது, தரையில் ஒரு காலத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள் என்று கண்டுபிடித்தோம். ஐந்தாம் நாள் முப்பது. அக்கா சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தார்.

ஒன்று மட்டும் இடித்தது. ரம்பச் சத்தம் நிற்கவே இல்லை. காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை ஓடியது. மேலேயிருந்து ஒரு தட்டுகூட விழவில்லை. மாமா நான் சொன்னதைக் கேட்காமல் அறுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் குவியல் கூடவில்லை. சந்தேகம் வந்து மரத்தூள் மூட்டைகளை எண்ணினேன். முன்பு நாளுக்கு ஐந்து மூட்டை சேரும். இப்போது ஒன்று. அதுவும் முழு மூட்டை இல்லை.

ரம்பத்தடிக்குப் போனேன். மாமா வழக்கமான இடத்தில் வழக்கம்போலக் குனிந்து நின்றிருந்தார். இரண்டு கையும் மேஜைமேல். கண் ரம்பத்தின் பல்மேல். ரம்பம் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் மரம் இல்லை.

மோட்டார் மூடியின் மேல் ஏழெட்டுச் சாப்பாட்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன.

"மாமா, இது என்ன?"

"சோறு சூடாகுது" என்றார். "வீணா ஓடல."

"நான் அத கேக்கல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மேல இருக்குறவருக்குக் காதுதான் கண்ணு. சத்தம் நின்னா தேடுவாரு. முப்பத்தொரு வருஷமா கைய கட்டிட்டு உக்காந்தது இல்ல மாப்ள. உக்காந்தா என்னவோ திருடன் மாதிரி இருக்கு. சத்தம் போட்டா, நான் இங்கதான் இருக்கேன்னு தெரியுமில்ல?"

எனக்குப் போர்வை நினைவு வந்தது. கதவில்லாத இடத்தில் மனிதன் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது போர்வையைத் தூக்கிவிடுவார்கள். அந்த மனிதரிடம் நான் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அதைப் பைக்குள் போட்டேன். என் டப்பாவையும் கொண்டுவந்து மோட்டார் மேல் வைத்தேன்.

மாதக் கடைசி வந்தது. பத்து நாளாகத் தினம் முப்பது. முதலாளி மறுபடி இறங்கி வந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே வந்தார். எல்லோரும் ரம்பத்தடியில் கூடினோம். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா டப்பாக்களை அவசரமாகக் கீழே இறக்கி, ஒரு பழைய மரத்துண்டை மேஜையில் வைத்திருந்தார்.

"நான் மேல உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார் முதலாளி. "ஒரு மாசமா ரம்பம் ஒரு நிமிஷம் நிக்கல! அதான் முப்பது! மொதல்ல இருக்குறவன் வேகமா தள்ளுனா கடைசில வேகமா வரும்னு நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா?"

சொன்னார். நாங்கள் தலையாட்டினோம்.

"வியாபாரிய வர வேணாம்னுட்டேன். இன்னொரு ரம்பத்துக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வருது. மின்னல் ரெண்டையும் பாத்துக்கட்டும். அறுபது கதவு!"

மாமாவின் வேலை தப்பிவிட்டது. ஆனால் இரண்டாவது ரம்பம் வந்தால் பதினைந்து நாளில் வழியெல்லாம் பலகை. மஞ்சள் கோடு மறையும். முப்பது பதினெட்டாகும். அப்போது முதலாளி மறுபடி இறங்கி வருவார், மாமாவும் போவார், நானும் போவேன்.

"என்னப்பா, நீதான் அளக்குறவனாச்சே. ரம்பம் எத்தன மணி நேரம் ஓடுச்சு, சொல்லு" என்றார் என்னிடம்.

நிஜத்தைச் சொன்னால் மாமா இன்றைக்கே போவார். பொய்யைச் சொன்னால் இன்னொரு நாள் போவார். வாயைத் திறந்தேன். மாமனாரின் முகம் எதிரே இருந்தது. வாட்ச்சை எடுத்துத் துடைத்தேன்.

மாமா கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

ரம்பம் இறங்கி இறங்கி நின்றது. அந்த இடத்தில் பட்டப்பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. முதலாளியின் வலது கால் தானாக எழும்பித் தரையை இரண்டு தட்டு தட்டியது. தட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"கேளுங்க முதலாளி" என்றார் மாமா.

இழைப்புளியின் சத்தம் கேட்டது. தேய்க்கிற காகிதத்தின் சத்தம். சூட்டறையின் கதவு திறக்கிற சத்தம். வண்டிச் சக்கரம். பிறகு மணி.

"அது என்ன மணி?"

"பத்து கதவு வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம். அந்த மணிதான் முப்பது. நான் இல்ல." மாமாவின் கை மேஜையை விடவில்லை. "இந்த ரம்பம் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்தான் அறுக்குது. மீதி நேரம் வெறும் ரம்பத்த ஓட்டுனேன். உங்களுக்குக் கேக்கட்டும்னு. பொய்யா ஓட்டி நல்ல பேரு வாங்க எனக்கு வேண்டாம். இன்னொண்ணு வந்தா அதையும் வெறுமனேதான் ஓட்டணும்."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்போ நீ எதுக்கு?"

மாமாவின் தலை குனிந்தது. அவர் தலை குனிந்து நான் பார்த்தது அத்தை போன அன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் என் வாய் எனக்குக் காத்திருக்கவில்லை.

"அந்த வியாபாரி பலகைய எப்படித் தருவான் சார்? வாரத்துக்கு ஒரு வண்டி, இருநூறு கதவுக்கு, ஒரே அளவா. மறுபடியும் குவியல். மணி அடிச்சா முக்கா மணி நேரத்துல, சீட்டுல இருக்குற பத்து கதவுல குவியல்ல இல்லாததுக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா, ஒரு பலகை கூடக் கொறைய இல்லாம அறுத்துக் குடுக்க இவர விட்டா ஆள் கெடையாது. லேட்டானா சூட்டறை காலியா எரியும். இவரு வேகம் முப்பது வருஷமா குவியலுக்குப் போச்சு சார். இப்பத்தான் கதவுக்குப் போகுது. இவரு சும்மா இருக்குறதே மணி அடிச்சா ஓடுறதுக்குத்தான்."

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா என்று நினைவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்போது கவனித்திருக்க மாட்டேன்.

முதலாளி சுவரில் அக்கா எழுதியிருந்த எண்களைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். போய் அதைத் தொட்டுக்கூடப் பார்த்தார். மாமா அதற்குள் சீட்டுகளை எடுத்து, "ஏழடி... மூணேகால் அடி..." என்று படித்து மரத்தை ஏற்றிவிட்டார், மணி அடித்துவிட்டதே. முதலாளி மேலே போனார். இரண்டாவது ரம்பம் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு நாங்கள் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

முதலாளி இறங்கி வந்ததற்கு மறுநாள் காலை, வேலையெல்லாம் அமைதியாக நடந்துகொண்டிருந்தபோது, மேலேயிருந்து இரண்டு தட்டு விழுந்தது. எல்லோரும் ரம்பத்தைப் பார்த்தார்கள். மாமா ஒரு ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. தட்டு ரம்பத்துக்கு அல்ல என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. மணி நாலு நிமிடம் தாமதம்.

பெயிண்டர் அக்கா பெயிண்ட் பிரஷ்ஷோடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

அறுபது நாள் என்று சொன்ன எங்கள் வீட்டுக் கதவு நாற்பத்தாறாம் நாள் வந்தது. வரிசையை மீறவில்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறாம் சீட்டு அதன் முறைக்கு வந்தது, மாமா அதையும் மற்றச் சீட்டுகளைப் போலவே படித்துவிட்டு அறுத்தார். லீவு நாளில் அவரே வந்து மாட்டினார். கீலுக்கு எண்ணெய் விட்டார். மூன்று தடவை திறந்து மூடினார். போர்வையை மடித்து என் மனைவியிடம் கொடுத்தார்.

"நான் மொதல்ல போறேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் இருவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விழுந்தது, நின்றது. அளவு எதுவும் வரவில்லை. ஏழடியும் இல்லை, மூன்றடியும் இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. நான் பழக்க தோஷத்தில் வாட்ச்சை எடுத்தேன். எட்டு நிமிடம். என் மனைவி எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் தட்டிய முதல் தட்டு.

"அப்பா! என்ன சத்தத்தையே காணோம்? அப்பா?"

உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"அதான் கதவு இருக்குல்ல."